எஃப் கார்டு வராததற்கு விரல் மட்டும் காரணமில்லை

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியவரிடம் "செட்டப் பண்ணியாச்சா?" (ஸ்ட்ரிங் உயரம், கழுத்தின் அதாவது நெக்கின் வளைவு, சுருதி எல்லாவற்றையும் வாசிப்பவர் கைக்குத் தக்கபடி திருத்தியாயிற்றா) என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "புதுசுக்கு எதுக்குங்க? ஃபேக்டரியிலேயே பண்ணித்தானே அனுப்புறாங்க." பண்ணித்தான் அனுப்புகிறார்கள். யாருக்கென்று தெரியாமல் பண்ணி அனுப்புகிறார்கள். வாங்குபவர் எந்த ஊர்க்காரர், ஸ்ட்ரிங்கை வருடுவாரா அறைவாரா, எந்த கேஜ் (ஸ்ட்ரிங்கின் தடிமன்) போடுவார், எதுவும் அவர்களுக்குத் தெரியாது. ஸ்ட்ரிங் தாழ்வாக இருந்து, நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட்டில் உரசிக் கரகரத்தால் வாங்கியவர் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார். உயரமாக இருந்தால், அதுவும் புதிதாகக் கற்பவராக இருந்தால், தன் விரலைத்தான் நொந்துகொள்வார். எல்லாவற்றையும் ஒரு பிடி உயரமாகவே விட்டு அனுப்பினால் புகார் குறைவு. என் கைக்கு வந்த புது கிட்டார்களில் பெரும்பாலானவை அப்படித்தான் இருந்தன.

அக்கா மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். அவனுக்கு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில், நடுத்தர விலையில் ஒரு கிட்டார் வாங்கினோம். பார்வைக்கு ஒரு குறை சொல்ல முடியாது. வகுப்பில் சேர்ந்து கொஞ்ச காலம் ஆனதும் ஆரம்பித்தான்: "மாமா, எஃப் கார்டு மட்டும் வரவே மாட்டேங்குது. சார் பிராக்டிஸ் பண்ணு, விரல் காய்க்கும்னு சொல்றாரு."

சார் சொன்னதில் தப்பில்லை. எஃப் எல்லோரையும் படுத்தும் கார்டுதான். ஆனாலும் கிட்டாரை வாங்கி, அதே பார் கார்டை (ஒரே விரலால் எல்லா ஸ்ட்ரிங்கையும் குறுக்கே அழுத்தும் பிடி) ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடிக்கச் சொன்னேன். ஆறு ஸ்ட்ரிங்கும் தெளிவாகப் பேசின. அதே விரல், அதே பிடி, முதல் ஃப்ரெட்டுக்கு வந்ததும் பாதி ஸ்ட்ரிங் ஊமை. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டிவிட்டு இரண்டாவது ஃப்ரெட்டில் பிடிக்கச் சொன்னேன். வந்துவிட்டது. கேப்போ போட்டதும் கை இலகுவாகிறது என்றால் கோளாறு விரலில் இல்லை, நட்டில் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வீட்டில் யாருக்குப் புது கிட்டார் வந்தாலும் நான் முதலில் செய்து பார்ப்பது இதுதான்.

நட் என்பது நெக்கின் தலைமாட்டில் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் சிறு பட்டை. அதில் வெட்டியிருக்கும் பள்ளம் ஆழம் போதாமல் இருந்தால், முதல் ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கைக் கீழே இறக்கவே தனி பலம் வேண்டும். வலி ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தொல்லை சுருதி. ஸ்ட்ரிங்கை அவ்வளவு தூரம் இழுத்து இறக்கும்போது அது கூடுதலாக முறுக்கேறி, ஸ்வரம் மேலே போய்விடுகிறது. திறந்த ஸ்ட்ரிங்குகளை ட்யூனரில் அணு பிசகாமல் வைத்திருப்போம். முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள் பிடிக்கும் கார்டுகள் மட்டும் என்னவோ கோணலாகக் கேட்கும். அவன் கிட்டாரில் தடித்த ஈ ஸ்ட்ரிங்கின் முதல் ஃப்ரெட்டை அழுத்தினால் ட்யூனர் முள் 15 சென்ட் மேலே போய் நின்றது. ஒரு அரை ஸ்வரம் 100 சென்ட். 15 என்றால் காது பழகாதவருக்கும் உறுத்தும்.

கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. ஸ்ட்ரிங்கை இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூன்றாவது ஃப்ரெட்டுக்கும் நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பாருங்கள். மயிரிழை அளவு இருக்க வேண்டும்; விரல் நுனியால் ஸ்ட்ரிங்கைத் தட்டினால் ஃப்ரெட்டில் பட்டு மெல்ல 'டிக்' என்று கேட்டால் சரி. வெளிச்சம் தாராளமாகப் புகுந்து வந்தால் நட் உயரம். இடைவெளியே இல்லாமல், திறந்த ஸ்ட்ரிங்கும் கரகரத்தால் பள்ளம் ஆழமாகிவிட்டது. நட்டையே மாற்ற வேண்டியிருக்கும். குக்கிங் சோடாவை அதில் இட்டு ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு, இறுகியதும் மறுபடி ராவுகிறவர்களும் இருக்கிறார்கள். தற்காலிகத்துக்கு அது போதும்.

ராவியதை ஒட்டவைக்க முடியாது. தொழிற்சாலைகள் நட்டை உயரமாக விடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு ஸ்ட்ரிங்கின் தடிமனுக்கும் தனி அரம் வேண்டும், அந்த அரங்களும் மலிவில்லை. மற்ற எல்லா வேலையையும் நான் வீட்டில் செய்வேன். நட்டையும் ஃப்ரெட்டையும் தொட மாட்டேன்.

"இப்பத்தானே அவ்வளவு காசு கொடுத்து வாங்கினோம், அதுக்குள்ள ரிப்பேரா?" என்று அக்காவுக்குக் கோபம். அம்மா வீணை வாசிப்பவர். வீணையில் 24 மெட்டுகளும் மெழுகுக் கட்டின் மேல்தான் நிற்கின்றன. நாளாக ஆக மெழுகு தளரும், ஆள் வரவழைத்து மெழுகு மாற்றி ஸ்வர ஸ்தானம் பார்த்து மெட்டுகளைத் திரும்ப நிறுத்த வேண்டும். அது பழுது என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை. "வாத்தியம்னா அப்படித்தான்டி, வாசிக்கிறவங்களுக்குத் தக்கபடி வெச்சுக்கணும்" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். என் விளக்கத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

செட்டப்புக்குக் கொண்டுபோகும் முன் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்: இந்த கிட்டாரை வைத்துக்கொள்ளலாமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா? கடையோ இணையமோ, மாற்றித் தரக் கெடு என்று ஒன்று இருக்கும். அதற்குள் பார்த்துவிட வேண்டியவை, செட்டப்பால் தீராத குறைகள். கிட்டாரின் அடிப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் நெக்கின் இரு ஓரங்களையும் பார்த்தால் முறுக்கிக்கொண்டிருப்பது தெரிந்துவிடும். முறுகிய நெக்கை எந்தத் திருகும் நேராக்காது. ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் எல்லா ஃப்ரெட்டையும் ஒவ்வொன்றாக வாசித்து, எங்காவது ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் செத்துப்போகிறதா என்று கேளுங்கள். அந்த இடத்தில் ஏடிஎம் அட்டையின் விளிம்பை (நட் பக்கம் நீளமானது, நடுவில் குட்டையானது) ஸ்ட்ரிங்குக்குப் பக்கத்தில் மூன்று ஃப்ரெட் மேல் படும்படி நிறுத்தி ஆட்டினால், நடு ஃப்ரெட் உயர்ந்திருந்தால் அட்டை ஊஞ்சல் ஆடும். மேல் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே இடம் குறுகலாக இருப்பதால் அங்கே அட்டையை வெட்டிக்கொள்ள வேண்டும். காலாவதியான அட்டை எடுங்கள். ஒரு ஃப்ரெட் என்றால் செட்டப் செய்பவரே தட்டி உட்கார்த்திவிடுவார். நாலைந்து இடத்தில் ஆடினால் ஃப்ரெட் லெவலிங், அதாவது எல்லா ஃப்ரெட்டையும் ஒரே மட்டத்துக்கு ராவுவது, செய்ய வேண்டும், விலை குறைந்த கிட்டாருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. திருப்பிக் கொடுப்பதே நல்லது. நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற கம்பியின் திருகு அசையவே மறுத்தாலும் அப்படித்தான். பலம் போட்டுத் திருக வேண்டாம்; முறிந்தால் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள்.

எங்கள் கிட்டாரில் இந்தக் குறை எதுவும் இல்லை. நட் உயரம், நெக் வளைவு, ஆக்‌ஷன் உயரம். (ஆக்‌ஷன் என்றால் ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம்.) மூன்றும் தீரக்கூடியவை. வடபழனிப் பக்கம் கிட்டார் வேலை பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனோம். சினிமா ஸ்டூடியோக்களும் ரெக்கார்டிங் தியேட்டர்களும் நிறைந்த வட்டாரம் என்பதால் அங்கே வாத்திய வேலைக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

அவர் கிட்டாரை வாங்கிப் பார்க்கும் முன்பே பையனிடம் கேட்டார்: "தம்பி, என்ன கேஜ் போடப் போறீங்க? ஸ்டாண்டர்ட் ட்யூனிங்தானா, இறக்கி வாசிப்பீங்களா? ஒரு ரிஃப் வாசிச்சுக் காட்டுங்க." அவன் வெட்கப்பட்டுக்கொண்டே வாசித்தான். அவர் பார்த்தது வலது கையை. பிக்கை எவ்வளவு அழுத்தி அடிக்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் ஸ்ட்ரிங்கை எவ்வளவு தாழ்த்தலாம் என்பது இருக்கிறது. ஓங்கி அடிப்பவருக்குத் தாழ்வான ஆக்‌ஷன் வைத்தால் எல்லாமே கரகரக்கும். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் "வெச்சுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க" என்பவரிடம் நான் கொடுக்க மாட்டேன். அங்கே நடக்கப்போவது இன்னொரு ஃபேக்டரி செட்டப். கடையில் "ஃப்ரீ செட்டப்" என்று சொன்னாலும் நட் பார்ப்பீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ட்யூன் செய்து துடைத்துக் கொடுப்பதையும் செட்டப் என்றே சொல்கிறார்கள்.

முதல் வேலையாகப் பழைய ஸ்ட்ரிங்கைக் கழற்றினார். கிட்டார் செய்த நாளிலிருந்து அதே ஸ்ட்ரிங்தான். கப்பலிலும் கிடங்கிலும் இருந்துவிட்டு, கடற்கரை ஊரின் உப்புக் காற்றையும் வாங்கி, இரண்டு மூன்று இடங்களில் கறுத்திருந்தது. துருவேறிய ஸ்ட்ரிங்கை வைத்து இன்டொனேஷன் (ஃப்ரெட்டுகளில் சுருதி சேர்வது) பார்ப்பது வீண். புதிய 9-42 செட் (மெல்லிய ஸ்ட்ரிங் 0.009 அங்குலம், தடித்தது 0.042) மாட்டி, இழுத்து விட்டு, ட்யூனிங் நிலைத்ததும் நெக்கைப் பார்த்தார்.

நெக் மட்டப்பலகை மாதிரி நேராக இருக்கக் கூடாது. மிக லேசாக முன்பக்கம் குழிந்திருக்க வேண்டும். அதிர்கிற ஸ்ட்ரிங் நடுவில்தான் அகலமாக ஆடும், அதற்கு இடம் விடுவதுதான் இந்தக் குழிவு. ரிலீஃப் என்பார்கள். ஃபெண்டர் தன் கிட்டார்களுக்கு வெளியிட்டிருக்கும் அளவு, 9.5 முதல் 12 அங்குல ரேடியஸ் (விரல் பலகையின் குறுக்கு வளைவு) நெக்குக்கு 0.010 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர். முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, நெக் உடலோடு சேரும் இடத்தில் தடித்த ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்து, எட்டாவது ஃப்ரெட்டில் இருக்கும் இடைவெளியை அளக்க வேண்டும். எங்களுடையதில் அது அரை மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது.

அளக்க ஃபீலர் கேஜ் வேண்டும். வாத்தியக் கடையில் தேட வேண்டாம். டேப்பட் க்ளியரன்ஸ் பார்க்க பைக் மெக்கானிக் வைத்திருக்கும் அதே தகடுக் கொத்துதான். புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் ஒரு தந்திரம் உண்டு. 10 கேஜ் மெல்லிய ஈ ஸ்ட்ரிங்கின் தடிமனே 0.010 அங்குலம்தான். வெட்டிப்போட்ட துண்டு ஒன்றை இடைவெளியில் செருகிப் பாருங்கள். தொட்டும் தொடாமலும் நுழைந்தால் ரிலீஃப் சரி.

இதைத் திருத்துவதுதான் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட். கிப்சன் நிறுவனத்தில் தாடியஸ் மெக்ஹியூ 1920களின் தொடக்கத்திலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். நூறு வருடப் பழமை. ஆனாலும் பலருக்கு இதைத் தொடப் பயம். திருகின் பக்கமிருந்து பார்த்து வலச்சுற்றாகத் திருகினால் ராட் இறுகி முன்வளைவு குறையும். இடச்சுற்று என்றால் கூடும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருகி, மறுபடி ட்யூன் செய்து, மறுபடி அளக்க வேண்டும். மரம் ஒரு ராத்திரி எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நகரவும் செய்யும். ராட் முறிவதைவிட அடிக்கடி நடப்பது, அளவு பொருந்தாத ஆலன் கீயைப் போட்டு அறுகோணப் பள்ளத்தை வட்டமாக்கிவிடுவது. சில கிட்டார்களில் அங்குல அளவு, சிலவற்றில் மில்லிமீட்டர். பெட்டியில் வந்த கீயைத் தூக்கிப் போடாதீர்கள்.

ரிலீஃப் சரியானதும், ஸ்ட்ரிங்கின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் உள்ள சேடில்களில் ஆக்‌ஷனை இறக்கினார். 17ஆவது ஃப்ரெட்டில் தடித்த ஈ இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. ஃபெண்டரின் அளவு அதே ரேடியஸுக்கு 4/64 அங்குலம், சுமார் 1.6 மில்லிமீட்டர். பையன் அடிப்பது கொஞ்சம் முரட்டுத்தனம் என்பதால் 1.8இல் நிறுத்தினார். நட்டைப் பிறகுதான் ராவினார். வரிசை மாறக் கூடாது. நெக் அசைந்தால் ஆக்‌ஷன் மாறும், ஆக்‌ஷன் மாறினால் இன்டொனேஷன் மாறும். ஆக்‌ஷன் உயரம் என்று நேராக ட்ரஸ் ராடைத் திருகப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரிங் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், ஆனால் நெக் பின்னுக்கு வளைந்து முதல் நாலு ஃப்ரெட் கரகரக்கும்.

இன்டொனேஷனை நீங்களே வைக்கலாம். 12ஆவது ஃப்ரெட்டின் நேர் மேலே அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டி ஹார்மானிக் (மணி போன்ற ஒலி) எடுங்கள். பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசியுங்கள். அழுத்தியது ட்யூனரில் உயர்ந்து காட்டினால் சேடிலைப் பின்னுக்கு இழுத்து ஸ்ட்ரிங்கின் நீளத்தைக் கூட்ட வேண்டும். தாழ்ந்தால் முன்னுக்குத் தள்ள வேண்டும். 1950களின் தொடக்கத்தில் வந்த டெலிகாஸ்டரில் ஆறு ஸ்ட்ரிங்குக்கு மூன்றே சேடில், இரண்டிரண்டு பேர் ஒன்றைப் பங்குபோட்டுச் சமரசம் செய்துகொள்ள வேண்டும். 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது ஸ்ட்ரிங்குக்கு ஒரு சேடில். ஒவ்வொன்றிலும் உயரத்துக்கு இரண்டு திருகு, நீளத்துக்கு ஒன்று, மொத்தம் 18. யாரும் தொடக் கூடாது என்று நினைத்தவர்கள் இத்தனை திருகு வைத்திருப்பார்களா?

ஸ்ட்ராட்டுக்கே உரிய வினோதம் ஒன்று. தடித்த ஸ்ட்ரிங்கின் மேல் ஃப்ரெட்டுகளில் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரம் கேட்பதுபோல ஒலி நெளியும், எப்படித் திருகினாலும் இன்டொனேஷன் நிற்காது. பெரும்பாலும், ஸ்ட்ரிங்குக்கு அடியில் ஒலியைப் பிடிக்கும் பிக்கப் மிக அருகில் இருக்கும். அதன் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்துப் பிடிக்கிறது. கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தால் பிக்கப்புக்கும் ஸ்ட்ரிங்குக்கும் தடித்த பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2 மில்லிமீட்டர் இருக்கும்படி இறக்கினால் தெளிந்துவிடும். ஒரு ஸ்க்ரூடிரைவர் வேலை. சத்தம் குறைந்துவிட்டதே என்று தோன்றினால் ஆம்பில் வால்யூம் வைத்துக்கொள்ளலாம்.

ட்ரெமோலோ பிரிட்ஜ் (கைப்பிடியால் ஆட்டிச் சுருதியை நெளிக்கும் பிரிட்ஜ்) உடலில் படியாமல் மிதந்துகொண்டிருந்தது. ஒரு ஸ்ட்ரிங்கைக் கூட்டினால் மற்ற ஐந்தும் இறங்கும். கற்கிற பையனுக்கு அந்த அவஸ்தை எதற்கு? பின்பக்க மூடியைத் திறந்து, ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் க்ளாவின் இரண்டு திருகையும் இறுக்கி, பிரிட்ஜை உடலோடு படிய வைத்துவிட்டார். ட்யூனிங் தொல்லையில் பாதி அதோடு போயிற்று. மீதி நட்டில் ஸ்ட்ரிங் சிக்கிக்கொள்வது. ட்யூன் செய்யும்போது 'டிங்' என்று துள்ளும். பள்ளத்தில் பென்சிலை நன்றாகத் தேய்த்தால் போதும்.

கூலி 1,500 ரூபாய், ஸ்ட்ரிங் தனி. வெளியே வந்ததும் பையன் ஆம்ப் இல்லாமல் வாசித்துப் பார்த்துவிட்டு, "மாமா, இப்பவும் லேசா கரகரன்னு பஸ் ஆகுதே" என்றான். தாழ்ந்த ஆக்‌ஷன் வைத்த எந்த எலெக்ட்ரிக் கிட்டாரும் வெறும் காதுக்குக் கொஞ்சம் கரகரக்கும். ஆம்பில் க்ளீன் சவுண்டில் கேட்கிறதா, ஸ்வரம் பாதியில் அறுகிறதா, ஸ்ட்ரிங்கை வளைத்து பெண்ட் செய்யும்போது செத்துப்போகிறதா? மூன்றும் இல்லையென்றால் அப்படியே விட்டுவிட வேண்டும். அந்த லேசான உரசலையும் போக்கக் கிளம்பினால் ஆக்‌ஷன் பழைய உயரத்துக்கே போய்விடும்.

காசு கொடுத்து செட்டப் செய்வது எல்லோருக்கும் அவசியமா என்றால், முதல் கிட்டார்க்காரர்களுக்கு அவசியம் என்பேன். இரண்டாவது மூன்றாவது கிட்டார் வாங்குபவருக்குத் தன் கை என்ன கேட்கிறது என்று தெரியும். ஒரு ஆலன் கீ செட், அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், ஃபீலர் கேஜ், ட்யூனர் இருந்தால் ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்துவிடும். புதிதாகக் கற்பவருக்கோ தன் கை தடுமாறுகிறதா, கிட்டார் தடுக்கிறதா என்று பிரித்துச் சொல்லவே தெரியாது. எத்தனையோ பேர் அந்த இடத்தில்தான் "நமக்கு வராதுப்பா" என்று மூட்டை கட்டி அலமாரி மேல் ஏற்றிவிடுகிறார்கள். விலை குறைந்த கிட்டார் என்றால் இன்னும் அவசியம். தொழிற்சாலையில் அதற்கு ஒதுக்கும் நேரமே குறைவு. நட், நெக், ஆக்‌ஷன் மூன்றும் சரியாக இருந்தால் வெறும் ட்யூனிங்கோடு வாசிக்கலாம், யாரிடமும் கொடுக்க வேண்டாம். அப்படி வருகிற கிட்டார்களும் உண்டு.

அவசரம் மட்டும் வேண்டாம். கிட்டார்களுக்குச் சொல்லப்படும் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். சென்னையில் அந்த அளவு ஏசி அறைக்குள் இருந்தால்தான் உண்டு. தொலைவிலிருந்து வந்த மரம் நம் ஊர்க் காற்றை வாங்கிக்கொள்ள ஒன்றிரண்டு வாரம் கொடுத்துவிட்டு செட்டப் செய்தால் இரட்டை வேலை இருக்காது. ஐப்பசி மழை தொடங்கும்போதும் கோடை ஏறும்போதும் ரிலீஃபை ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும். அந்தக் கால் சுற்றுக்காகத் திரும்பக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது எஃப் வந்துவிட்டது, அடுத்த ஆசை 10-46. வகுப்பில் யாரோ "டோன் தடியா இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள். 25.5 அங்குல ஸ்கேலில் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை ஸ்ட்ரிங்கின் நீளம்) 9-42 செட் நெக்கை இழுக்கும் மொத்த பலம் சுமார் 38 கிலோ. 10-46 என்றால் 47 கிலோவை நெருங்கும். நெக் முன்னால் வளையும், பிரிட்ஜ் மறுபடி தூக்கிக்கொள்ளும், இன்டொனேஷன் மாறும், 9-க்கு ராவிய நட் பள்ளத்தில் தடித்த ஸ்ட்ரிங் சிக்கவும் கூடும். எல்லாம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே பையிலிருந்து 10-46 பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். சரி, க்ளா திருகிலிருந்து ஆரம்பிப்போம் என்று ஸ்க்ரூடிரைவரை அவன் கையிலேயே கொடுத்தேன்.